இடது காதில் ஓடும் மோட்டார்

மேற்குச் சுவரோரம் நாற்பது மோட்டார்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புச் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி, பேரிங்கில் கோளாறு என்று. போட்டவள் பிரவீனா, கோவை கணபதியில் இருக்கும் அந்தச் சின்ன மோட்டார் யூனிட்டின் மருமகள். டிப்ளமோ படித்தவள். கல்யாணமாகி வந்த ஏழு வருஷத்தில் அவள் பாஸ் சொல்லாமல் ஒரு மோட்டாரும் கேட்டைத் தாண்டியதில்லை.

அந்த நாற்பது மோட்டார்களால் போன வாரம் என்ன நடந்தது என்பதைப் போன அத்தியாயத்தில் படித்திருப்பீர்கள். மாமனார் நஞ்சுண்டன் நேராக டவுன்ஹால் பக்கம் ரசாக்கின் பேரிங் கடைக்குப் போனார். வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்கும்போதே, கெட்டுப்போன பேரிங்கைத் தன் தலையில் கட்டிவிட்டதாகச் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பினார். முப்பது வருஷப் பழக்கம்.

அது போதாதென்று, பிரவீனாவின் கணவன் மனோஜ்குமார் தன் பங்குக்கு, யூனிட்காரர்களும் டீலர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். ரசாக் கடையில் பேரிங் எடுப்பவர்கள் யோசித்து எடுங்கள் என்று. இருநூறு பேர் கேட்டார்கள். மூன்றே நாளில் ரசாக் கடைக்கு வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேரைக் காணோம்.

இத்தனைக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான். பிரவீனாவின் காது.

மோட்டாரைச் சோதிப்பதில் அந்த யூனிட்டுக்கு ஒரு முறை உண்டு. மோட்டாரை ஓடவிட்டு, நீளமான திருப்புளியின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்தில் ஊன்றி, அதன் கைப்பிடியை இடது காதில் ஒட்ட வைத்துக்கொள்ள வேண்டும். வலது காதை ஒரு விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தம் அடங்கிவிடும். பேரிங் நன்றாக இருந்தால் சீரான ஓட்டம் மட்டும் கேட்கும். கெட்டிருந்தால் மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம் வரும். அதிர்வு பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கலாம் என்று பிரவீனா இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். அவளைக் காட்டி, அம்மணி காது இருக்கும்போது மீட்டர் எதற்கு என்று மாமனாரும் மகனும் சிரித்தார்கள். பாராட்டு என்று நினைத்து அவளும் சிரித்தாள். சில பாராட்டுகளுக்கு இப்படித்தான் நாம் உடம்பால் விலை கொடுக்கிறோம்.

அந்தக் காதில்தான் இரண்டு மாதமாக இரைச்சல்.

ஆரம்பத்தில் விட்டு விட்டு வந்தது. போன வாரத்திலிருந்து நிற்கவே இல்லை. வீட்டில் சொல்லாமல் இல்லை, சொன்னாள். மாமியார் சென்னியம்மாள் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினார். மனோஜ்குமார் அது டென்ஷன் என்றான், மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லி ஒரு வீடியோ அனுப்பினான். மாமனார் பேப்பரைப் புரட்டினார். ஒரு பெண்ணுக்குக் கால் வலித்தால் காலைப் பார்ப்பார்கள். காதில் சத்தம் கேட்கிறது என்று சொன்னால் மட்டும் எல்லாருக்கும் அவள் மனசின் மேல்தான் சந்தேகம் வருகிறது. எங்கிருந்து வந்த வழக்கமோ இது.

வியாழக்கிழமை காலை அவள் யாரையும் கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காது டாக்டரிடம் போய் உட்கார்ந்தாள்.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. முதலில் பூண்டு எண்ணெய்க்காக ஒரு திட்டு விழுந்தது. பிறகு கேள்விகள். எங்கே வேலை, எவ்வளவு நேரம், பக்கத்தில் என்ன ஓடுகிறது, காதில் எதையாவது மாட்டிக்கொள்வது உண்டா?

உண்டு. போன தீபாவளிக்கு மனோஜ்குமார் வாங்கிக் கொடுத்த வெள்ளை இயர்பட்ஸ். அவிநாசி, காரமடை, கொடுமுடி என்று டீலர்கள் அழைப்பது எல்லாமே அவளிடம் இருக்கும் யூனிட் ஃபோனுக்கு. கையில் வேலை ஓடும்போது காதில் பேச்சு ஓடட்டும் என்று அவன் செய்த ஏற்பாடு. சார்ஜ் தீர்ந்தால் வேலை நின்றுவிடுமே என்று இரண்டாவதாக ஒரு செட்டும் வாங்கித் தந்திருந்தான். ஒன்று டப்பாவில் ஏறிக்கொண்டிருக்கும், ஒன்று இடது காதில் இருக்கும்; யாராவது கூப்பிட்டால் கேட்க வலது காதை விட்டுவைத்திருப்பாள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை. பக்கத்தில் லேத் மெஷின் ஓடும், பேச்சு கேட்காது. அதனால் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்திருப்பாள். மோட்டாரில் காது வைக்கும்போது மட்டும் கழற்றுவாள்.

டாக்டர் அவளைச் சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். பீப் என்று கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கதவு மூடியது. வெளிச்சத்தம் அடங்கிவிட்டது.

அப்போது கேட்டது. சன்னமாக, விடாமல், ஒரே சுருதியில்.

பிரவீனாவுக்கு அந்தச் சத்தத்தைத் தெரியும். நாற்பது மோட்டார்களில் அவள் கேட்டது அது. கூடக் குறைய இல்லை, அதேதான். பொத்தானை அழுத்த வேண்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சோதனை செய்த பெண் தட்டிக் கூப்பிட வேண்டியதாயிற்று.

பரிசோதனைத் தாளில் இடது காதின் கோடு உயர்ந்த சுருதிகளில் கீழே இறங்கியிருந்தது. இயர்பட்ஸால்தானா என்று கேட்டாள். டாக்டர் அவசரப்பட்டுப் பழி போடவில்லை. இருக்கலாம் என்றார். இரைச்சலான இடத்தில் அதைவிடச் சத்தமாக வைத்து மணிக்கணக்காகக் கேட்டால் உள்காது பாதிக்கப்படலாம், லேத் சத்தமும் சேர்ந்திருக்கலாம், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். இயர்பட்ஸை நிறுத்த வேண்டும், யூனிட்டில் காதுக்கு மூடி போட வேண்டும், ஒரு மாதத்தில் மறுபடி வர வேண்டும். இரைச்சல் குறையலாம், குறையாமலும் இருக்கலாம்.

"காதை விரலால அடைச்சா அந்தச் சத்தம் ஜாஸ்தியா கேக்குமாங்க டாக்டர்?" என்று கேட்டாள்.

"கேக்கும். வெளிச்சத்தம் குறைஞ்சா உள்சத்தம் தூக்கலாத் தெரியும். இதை ஏன் ரெண்டு மாசமா வச்சுட்டு இருந்தீங்க?"

யாரைச் சொல்வது?

யூனிட்டுக்கு வந்தவள் கைப்பையைக் கூடக் கழற்றவில்லை. நேராக மேற்குச் சுவருக்குப் போனாள். முதலில் நின்ற மோட்டாரில் திருப்புளியை ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்தாள். வலது காதை அடைத்தாள். கீச்சென்று கேட்டது, போன வாரம் கேட்ட மாதிரியே.

மோட்டாரின் ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது. அவள் அதற்குக் கரண்டே கொடுக்கவில்லை.

அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் பிரவீனா ஒழுங்காக வேலை கற்றவள். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் மேசையில் இருந்த கீதாவைக் கூப்பிட்டாள். கீதாவுக்கு இருபத்து நாலு வயசு, லேத் பக்கமே போகாதவள், இயர்பட்ஸ் வாங்க அவளுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. முதலில், ஒதுக்கிப் போட்ட பழைய மோட்டார் ஒன்றை ஓடவிட்டுக் கெட்ட பேரிங் எப்படிக் கேட்கும் என்று காட்டிக் கொடுத்தாள். பிறகு சிவப்புக் குறி போட்டதை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். கீதா பத்து மோட்டார்களில் காது வைத்தாள்.

"சுத்தமா ஓடுதுங்கக்கா. ஒண்ணுலயும் அந்தக் கீச்சு இல்லீங்க" என்றாள்.

பிரவீனா அவளை நாற்பதையும் பார்க்கச் சொல்லிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஆபீஸ் அறைக்குப் போனாள். மனோஜ்குமாரும் நஞ்சுண்டனும் இருந்தார்கள். டாக்டர் கொடுத்த தாளை மேஜையில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ரசாக் பாயின் பேரிங்கில் ஒரு குறையும் இல்லை, குறை தன் காதில் என்றாள்.

மனோஜ்குமார் கெட்டவன் இல்லை. அதை இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் நல்லவர்கள் சில நேரம் செய்கிற காரியம் இருக்கிறதே, அதைக் கெட்டவர்கள் செய்யக் கூசுவார்கள். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றான். அம்மணி காது பார்த்த மோட்டார் என்று சொல்லித்தான் டீலர்கள் எடுக்கிறார்கள், அந்தக் காதுதான் கெட்டது என்று தெரிந்தால் யூனிட்டை மூட வேண்டியதுதான் என்றான். நாற்பதையும் சத்தமில்லாமல் குறியை அழித்து அனுப்பிவிடலாம். வேறு கடையில் பேரிங் சொல்லியாயிற்று.

"ரசாக் பாய்க்கு?" என்று கேட்டாள்.

"அவரு சமாளிச்சுக்குவாரு பிரவீனா. நாலு மாசம் போனா எல்லாரும் மறந்துபோவாங்க."

"குரூப்ல இருக்கறவங்க மறப்பாங்க. அவரு மறப்பாருங்களா?"

அவன் ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த விரலைப் பார்த்ததும் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக இதே விரல்தான் மூச்சுப் பயிற்சி வீடியோக்களைத் தேடித் தேடி அனுப்பிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, என்ற காதுல சத்தம் கேக்குதுன்னு ரெண்டு மாசமாச் சொன்னேன். நீங்க நம்புல. மோட்டார்ல சத்தம் கேக்குதுன்னு ஒரு தடவை சொன்னேன். ஒரே நாள்ல ஊரைக் கூட்டிப்போட்டீங்க. ரெண்டையும் சொன்னது ஒரே வாய்தானுங்க. எது உங்களுக்குத் தோதோ அதை மட்டும் நம்பிக்கறீங்க."

நஞ்சுண்டன்தான் பேசினார். அதுவரை வாயைத் திறக்காதவர், ஏதோ சமாதானம் சொல்வதுபோலச் சொன்னார்.

"எனக்கு இருபது வருசமா ரெண்டு காதும் இரையுது அம்மணி. நான் ஆருகிட்டயாச்சும் சொன்னனா?"

நாற்பது வருஷம் லேத் பக்கத்தில் நின்ற மனுஷன். அதனால்தான் நாற்பது மோட்டார்களில் ஒன்றைக்கூட அவர் தன் காதில் வைத்துப் பார்க்கவில்லை. தனக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், அவள் சொன்னதை எடுத்துக்கொண்டு போய் ஒரு மனுஷனை அவர் கடை வாசலிலேயே வைத்து அவமானப்படுத்திவிட்டு வந்திருக்கிறார். பாவம் என்று நினைக்கத்தான் பார்த்தாள். கோபம்தான் முந்திக்கொண்டது.

"சொல்லியிருக்கோணுங்க மாமா. நீங்க அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா இங்க வேலை செய்யறவங்களுக்கு ஆளுக்கொரு காது மூடியாச்சும் வந்திருக்கும். பொறுத்துக்கிட்டது பெரிய காரியமில்லீங்க."

அந்த வீட்டில் மாமனாரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. நஞ்சுண்டன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாலு மணிக்கு ரசாக் வந்தார். பிரிக்காத பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி மனோஜ்குமார் முந்தின நாளே சொல்லியிருந்தான். ஒரு சரக்கு ஆட்டோவைக் கேட்டில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். வழக்கமாக நேராக ஆபீஸ் அறைக்குள் போய் உட்கார்ந்து டீ கேட்கிறவர், அன்றைக்கு வாசல்படியிலேயே நின்றுகொண்டு, பெட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அறுபதைத் தாண்டியவர். அவரே குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கினார்.

மனோஜ்குமார் பிரவீனாவைப் பார்த்தான். வேண்டாம் என்ற பார்வை. அவள் அதைப் பார்க்காத மாதிரிகூட நடிக்கவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டு, லேத் மெஷினை நிறுத்தச் சொன்னாள். யூனிட்டே நிசப்தமானது. ஏழு பேர் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"பாய், பெட்டியை வைங்க. உங்க பேரிங்குல தப்பில்லீங்க. என்ற காதுல கோளாறு. இன்னைக்குக் காலைலதான் டாக்டர்கிட்டப் போனேன். கரண்டு குடுக்காத மோட்டார்லயும் எனக்கு அதே சத்தம் கேக்குது. நாப்பதும் நல்ல மோட்டாருங்க. தப்பாச் சொன்னது நானு."

கீதா தன்னை யாரும் கேட்காமலே, நாற்பதையும் காது வைத்துப் பார்த்துவிட்டதாகவும் எல்லாமே சுத்தம் என்றும் சொன்னாள். நல்ல பெண்.

ரசாக் பெட்டியைக் கீழே வைத்தார். சட்டென்று மன்னித்துவிட்டார், கண் கலங்கிவிட்டார் என்றெல்லாம் எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அப்படி நடக்கவில்லை. அவர் முகம் சிவந்துபோயிற்று. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"நீங்க சொன்னீங்கம்மா, சரி. உங்களுக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சு, அதுக்கு உங்களை நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா நஞ்சுண்டண்ணா, நீங்க ஒரு போன் போட்டிருக்கலாமே. ரசாக்கு, பேரிங்குல ஒரு சந்தேகம், வந்து பாருன்னு. முப்பது வருசத்துல ஒரு போனுக்குக்கூடவா எனக்கு யோக்கியதை இல்லாமப் போச்சு? என்ற மக மிஸ்பாவுக்கு அவ ஆபீஸ்ல ஆரோ அந்த மெசேஜைப் போட்டுக் காட்டியிருக்கறாங்க. என்கிட்ட வந்து, அத்தா, நெசமாத்தான் அப்படிச் செஞ்சீங்களான்னு கேட்டா. பெத்த மக கேக்கறா."

நஞ்சுண்டன் படியிறங்கி வந்தார். தப்பாகப் பேசிவிட்டேன் என்று வேலைக்காரர்கள் முன்னாலேயே சொன்னார். ரசாக் தலையை அசைத்தார். ஆனால் விடவில்லை. கடை வாசலில் பேசியதைக் கடை வாசலில் கேட்டவர்களோடு தன்னால் தீர்த்துக்கொள்ள முடியும் என்றார். குரூப்பில் போட்டது குரூப்பிலேயே தீர வேண்டும், போட்டவர் வாயாலேயே.

எல்லாரும் மனோஜ்குமாரைப் பார்த்தார்கள்.

அவன் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். யோசித்துப் போடுகிறேன், எப்படிச் சொல்வதென்று எழுதிப் பார்த்துவிட்டு நாளைக்குப் போடுகிறேன் என்றான். அவதூறு போடும்போது எழுதிப் பார்த்தானா? பல் தேய்த்துக்கொண்டே போட்டான். அதைப் பிரவீனா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

யூனிட்டுக்கென்று ஒரு ஃபோன் உண்டு. டீலர்கள் அழைக்கிற ஃபோன், குரூப்பிலும் இருக்கிற ஃபோன். அது அவளிடம்தான் இருக்கிறது. மேஜையிலிருந்து எடுத்தாள். அங்கேயே நின்றுகொண்டு, எல்லாரும் கேட்கிற குரலில் குரூப்புக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசினாள். தன் பெயர், யூனிட்டின் பெயர், ரசாக் கடையின் பெயர். நாற்பது மோட்டார்களிலும் பேரிங் நல்லபடி இருக்கிறது. சோதித்த என் காதின் இரைச்சலை மோட்டாரின் சத்தம் என்று நினைத்துத் தவறாகச் சொல்லிவிட்டோம். அவரிடம் எங்கள் குடும்பம் மன்னிப்புக் கேட்கிறது. யூனிட் வைத்திருக்கிற மற்றவர்களும் தயவுசெய்து உங்கள் ஆட்களின் காதை ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். அவ்வளவுதான். விரலை எடுத்தாள். போய்விட்டது.

ரசாக் தன் ஃபோனை எடுத்து அதை முதலிலிருந்து கடைசி வரை போட்டுக் கேட்டார். பிறகு மகளுக்கு அனுப்பினார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ சொல்லம்மா என்றார்.

டீ வருவதற்குள் குரூப்பில் பதில் வந்துவிட்டது. அவிநாசி டீலர் பிரவின்குமார். மனோஜ்குமார்தான் முதலில் பார்த்தான். ஃபோனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"படிச்சுப் பாரு. இதுக்குத்தான் வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

நல்ல மோட்டாரைக் கெட்டது என்று சொன்ன காது, கெட்ட மோட்டாரை நல்லது என்று சொல்லியிருந்தால்? இரண்டு மாதமாக நீங்கள் பாஸ் போட்டு அனுப்பிய எண்பத்தாறு மோட்டார்கள் என் குடோனிலும் என் வாடிக்கையாளர்கள் தோட்டத்துக் கிணற்றிலும் இருக்கின்றன. அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார் பிரவின்குமார்.

டாக்டரின் தாளில் இடது காதின் கோடு இறங்கியிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. உயர்ந்த சுருதிகளில். பேரிங் கீச்சிடுவதும் அங்கேதான்.

"கேக்கறது நாயந்தானுங்க" என்றாள். மனோஜ்குமார் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், நாளைக் காலை கீதாவுடன் அவிநாசிக்கு நேரில் வந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன் என்று டைப் அடித்து அனுப்பிவிட்டாள். நீ அங்கே போனால் நமக்கு நாமே குழி வெட்டிக்கொள்வதுதான் என்று மனோஜ்குமார் கத்தினான். கத்திவிட்டுப் போய் லேத் மெஷினை அவனே ஓடவிட்டான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ரசாக் டீ டம்ளரை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தார். அவளுடைய நல்ல காதின் பக்கமாக நின்று பேசினார்.

"நானும் வாரேம்மா. அந்த எண்பத்தாறுலயும் இருக்கறது என்ற பேரிங்குதான். ஒண்ணு ரெண்டு கெட்டிருந்தா, பழி மறுக்கா என்ற தலைலதான் விழும். நானும் பக்கத்துல நின்னு பாக்கோணும்."

அவர் சொன்னது சரி. காலையில் இருந்து யாருக்கும் பயப்படாத பிரவீனா, அந்த எண்பத்தாறில் கெட்ட ஒன்றைத் தன் காது தவறவிட்டிருந்தால் என்று அப்போதுதான் பயந்தாள்.